என் மச்சானைக் கண் டாக்டரிடம் அனுப்பிய கதை

தப்பு எங்கே என்று தெரியாதபோது, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல மூன்று விநாடி போதும். அந்த மூன்று விநாடி எனக்கு வாய்க்கவில்லை. அதற்குப் பதில், வாடிக்கையாளர்களுக்கு டீ வாங்கப் போயிருந்த மனிதர் தலையில் பழியைப் போட்டேன். அவர் என் மனைவியின் அண்ணன்.

அப்போது சங்கரன்கோவில் ரத வீதியில் ஒரு மாடி அறையில் நானும் மச்சானும் கல்யாண வீடியோ தொழில் செய்துகொண்டிருந்தோம். அவர் கேமரா, நான் எடிட்டிங். அவருக்குப் பதினெட்டு வருட அனுபவம். எனக்கு யூடியூப் பார்த்த எட்டு மாத அனுபவம். ஆனால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான் என்பதால், வருகிறவர்கள் என்னையே முதலாளி என்று நினைத்துக்கொள்வார்கள். (நானும் திருத்தியதில்லை.)

ஆனியில் ராயகிரியில் ஒரு கரும்பு விவசாயி வீட்டுக் கல்யாணம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, எனவே எடிட்டிங்குக்கு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் அரதப்பழசு. மாப்பிள்ளை தாலி கட்டக் கையைத் தூக்குவார், அப்படியே நின்றுவிடுவார். மறுபடி அசையும்போது பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். யூடியூபில் ஒருத்தர் சொன்னபடி, திரையில் ஓடும் படத்துக்குக் கீழே இருந்த சின்னப் பெட்டியில் எதையோ மாற்றினேன். படம் வெண்ணெயாக ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் எதை மாற்றினேன் என்பதே மறந்துபோயிற்று.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: படம் மங்கலாக இருந்தது.

மானிட்டரை வேட்டி நுனியால் துடைத்தேன். ஒயரைக் கழற்றி, ஊதி, மாட்டினேன். வெளிச்சத்தைக் கூட்டினேன், மங்கல் வெளிச்சமான மங்கலாக ஆனது. புதுசாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் சொருகினேன். இந்தி தெரியாமலே இந்தி வீடியோக்களைத் தலையாட்டியபடி பார்த்தேன். மச்சான் எடுத்த வீடியோவை ஒரே ஒரு தடவை தனியாகத் திறந்து பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அதற்கு மூளை வேண்டும்.

எங்கள் பக்கம் வீடியோவை முடிப்பதற்கு முன்னால் வீட்டார் வந்து பார்த்து, யாரை வெட்ட வேண்டும், யாரைச் சேர்க்க வேண்டும் என்று கரெக்‌ஷன் சொல்வது வழக்கம். ராயகிரியிலிருந்து பெண் வீட்டார் பதினான்கு பேர் வேன் பிடித்து வந்தார்கள். மச்சான் அவர்களுக்கு டீ வாங்கக் கீழே போனார். நான் வீடியோவை ஓட்டினேன்.

பெண்ணின் அத்தை முதலில் வாயைத் திறந்தார். “அங்கன நிக்கது நானா, எங்க நாத்தனாரா? சேலைய வச்சுகூடக் கண்டுபிடிக்க முடியலையே!”

பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “தம்பி, எம் மவ மூஞ்சி ஏன் கலங்கத் தண்ணிக்குள்ள கெடக்க மாதிரி இருக்கு? ஒத்தப் புள்ள. இன்னொருக்கக் கல்யாணம் பண்ணியா வீடியோ எடுக்க முடியும்?”

பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“கேமராமேன் போகஸ விட்டுட்டாரு அண்ணாச்சி” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “வயசாகுதுல்லா, கண்ணு முன்ன மாதிரி இல்ல. சொன்னா கேக்க மாட்டேங்காரு.”

வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் டீத் தூக்குவாளி, மறு கையில் பேப்பர் கப். உள்ளே வந்து எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நானும் குடித்தேன்.

அவர்கள் போனதும் கேட்டார். “மாப்ள, நெசமாவே போகஸ் போயிருக்கா? எடுக்கும்போது எனக்கு நல்லாத்தான தெரிஞ்சுது.”

“போயிருக்கு மச்சான்.”

“அப்பம் என் கண்ணுதான் போலுக்கு.”

மறுநாள் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனிதருக்கு நிம்மதி வரவில்லை. “கண்ணு நல்லாருக்குன்னா, கைதான் நடுங்குதோ?” என்று வலது கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை நடுங்கவில்லை. நானும் பக்கத்தில் நின்று அந்தக் கையைப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ராயகிரிக்காரர்களிடம் நான் சொன்னது குருவிகுளம் வரைக்கும் போய்விட்டது. ஆவணிக்குப் பேசியிருந்த கல்யாண வீட்டார் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். “எடிட்டிங் நீங்களே பண்ணுங்க தம்பி. கேமராவுக்கு மட்டும் வேற ஆளக் கூட்டிட்டு வாங்க.”

வேறு வழியில்லாமல் இருந்தபடியே படத்தை முடித்து, பென்டிரைவில் ஏற்றி, வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தேன். தோசைக் கரண்டியோடு வந்து நின்ற என் மனைவி சொன்னாள்: “எங்கண்ணன் எடுத்ததா? பொண்ணு கண்ணுல வச்ச மைகூடத் தெரியுதே. இதுல என்ன கொறை கண்டிய?”

ஒரு குறையும் இல்லை. ஸ்டுடியோவுக்கு ஓடினேன். அந்தச் சின்னப் பெட்டியில் ‘கால்வாசி’ என்று இருந்தது. பழைய கம்ப்யூட்டர் திணறாமல் ஓடுவதற்காக, நாம் வேலை செய்யும்போது மட்டும் படத்தைக் கால்வாசித் தெளிவில் காட்டும் ஏற்பாடு அது. எடுத்த படத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ‘முழு’ என்று மாற்றினேன். ஒரே ஒரு தட்டு.

அன்றைக்கே ராயகிரிக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் போகவில்லை, பென்டிரைவை மட்டும் கொடுத்தனுப்பினேன். அவர்கள்தான் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். “கேமராக்காரர் கெடுத்தத நீங்க காப்பாத்திட்டிய தம்பி” என்று பெண்ணின் அப்பா எனக்குச் சால்வை போர்த்தினார். வாகாகக் குனிந்து கொடுத்தேன். (அந்தச் சால்வையை என் மனைவி அன்றே வாசலில் கால் துடைக்கப் போட்டுவிட்டாள்.)

அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் போனைக் கையில் கொடுத்து, பக்கத்திலேயே நின்றாள். ராயகிரிக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் மேல் தப்பில்லை, நான்தான் மடையன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மச்சானை விட்டுக்குடுக்காமப் பேசுதிய பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்!” என்றார். பொய்யைச் சொன்ன உடனே நம்பியவர்கள், உண்மையைக் கடைசிவரை நம்பவில்லை.

மச்சான் கேமராவை விற்றுவிட்டார். இப்போது கடையநல்லூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறார். மன்னிப்புக் கேட்டுக் கூப்பிட்டேன். கோபமே இல்லாமல் சொன்னார்: “இனிமே கேமராவத் தூக்குனா, தெளிவாத் தெரியுதான்னு ரெண்டு தடவ பாக்கத் தோணும் மாப்ள. அதுக்குள்ள தாலி கட்டி முடிச்சிருவாங்க.”

வீட்டில் இது இன்றைக்கும் ஓடுகிற கேலி. மாமியார் தனக்குக் கண்புரை வந்தபோது, “டாக்டர் எதுக்கு? மாப்ளயக் கூப்பிடுங்க, காப்பாத்திருவாரு” என்றார். குழம்பில் உப்புக் கூடினாலும் கேமராமேன்தான் காரணம்.

போன வருடம் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்தோம். படம் எடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். அவள் கேமராவை உயர்த்தியதும் மச்சான் சொன்னார்: “போகஸப் பாத்துக்கம்மா. இல்லேன்னா எங்க மாப்ள உனக்குக் கண்ணு தெரியலைன்னுருவாரு.”

சபையே சிரித்தது. அந்த நேரம் பார்த்து அவள் எடுத்துவிட்டாள். படம் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. மகள் அழுகிறாள், மச்சான் சிரிக்கிறார், சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஓரத்தில் நான் நிற்கிறேன். அருமையான போகஸ். என் முகத்தில் ஒன்றுகூட விட்டுப்போகாமல் எல்லாம் தெரிகிறது.