இமாச்சலத்துச் சுப்பராயன்

பாரத தேசம் சிதறாமல் இருப்பதற்கு வடக்கே மலையும் தெற்கே கடலும் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். அது பாதி உண்மைதான். மீதியைக் கட்டிக் காத்தது, கும்மிடிப்பூண்டிக்கு இரண்டு மைல் தள்ளி இருந்த ஓர் இரும்புக் கம்பித் தொழிற்சாலையின் தொழிலாளர் நல அலுவலகம். ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு ஸம்பத்குமார். இவ்வளவு சொற்பப் படையை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய தேசத்தை வேறு எவன் ஒன்று சேர்த்திருக்கிறான்?

நல அதிகாரி ஸம்பத்குமார் திருவள்ளூர் கோயிலில் தலைமுறை தலைமுறையாகக் கைங்கரியம் செய்யும் குடும்பம். மனிதர் எல்லோரும் ஒன்று என்பதில் அவருக்கு அசாத்திய உறுதி. அந்த உறுதி மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மட்டும் சற்று ஓய்வெடுக்கும். அப்போது கதவைச் சாத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வீட்டு டிபன் காரியரைத் திறப்பார்.

எழுபத்து நாலாம் வருஷம் மே மாதம் டெல்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தேசிய ஒருமைப்பாட்டை எந்தத் தொழிற்சாலை சிறப்பாகக் காட்டுகிறதோ அதற்கு ஒரு கேடயம். பார்க்க ஓர் உயர் அதிகாரி நேரிலேயே வருவார்.

ஸம்பத்குமார் பொன்னேரிப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து 'நமது மக்கள்' என்ற சுவர்ப்படத்தை இரவல் வாங்கி வந்தார். மாநிலத்துக்கு ஓர் ஆணும் பெண்ணும் அதில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். படத்தில் உள்ளபடி ஆட்களைப் பொறுக்க வேண்டியதுதான் பாக்கி.

உலையில் நிஜமான பீகார்க்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். கூப்பிட்டு நிறுத்தினார்கள். மூவரும் லுங்கியும் கிழிந்த பனியனுமாக வந்து, "இன்னா சார், நாஷ்டா துன்ன உட மாட்டீங்களா?" என்றார்கள். ஸம்பத்குமார் சுவர்ப்படத்தைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். பீகாருக்குரிய எந்த லட்சணமும் அவர்களிடம் இல்லையென்று தள்ளிவிட்டார். அரக்கோணத்தைத் தாண்டி அறியாத டைம்கீப்பர் மணவாளன் பீகார் ஆனார்.

உலையில் கம்பி இழுக்கும் சுப்பராயனுக்கு இமாச்சலப் பிரதேசம் விழுந்தது. 

சுப்பராயன் ஐந்து வருஷமாகத் தற்காலிகம். அவன் அப்பனுக்குச் சர்க்கார் கொடுத்த எழுபது சென்ட் நிலத்தின் மேல்தான் அந்த உலை நின்றது. நிலத்தை எடுத்தபோது, வீட்டுக்கு ஒருவனுக்கு நிரந்தர வேலை என்று சொன்னார்கள். இந்த வருஷம் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்று பதினோரு நிரந்தர இடங்கள் வந்திருந்தன. பட்டியலில் சுப்பராயன் பெயரும் இருந்தது. 

"விழாவை நல்லபடியா நடத்திக் குடு. அடுத்த வாரம் ஆர்டர் உன் கையில" என்றார் ஸம்பத்குமார்.

"இமாச்சலம் எங்க சார் கீது?"

"எங்க இருந்தா உனக்கென்ன? குளிர்ற ஊர். ரெண்டு கம்பளியைப் போத்திண்டு ஆப்பிள் கூடையோட நில்லு. அப்பப்ப நடுங்கணும்."

"அக்கினி நட்சத்திரத்துல எப்டி சார் நடுங்கறது?"

"தேசத்துக்காக நடுங்குடா."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் மனைவி கங்கம்மா, "வேல பர்மெண்ட் ஆவும்னா நடுங்கிட்டுப் போயேன், இன்னா கொறைஞ்சுடப்போற?" என்றாள். வரும் மாதம் பிரசவம் அவளுக்கு. நிரந்தரமானால் பிள்ளைக்கும் அவளுக்கும் கம்பெனி ஆஸ்பத்திரி உண்டு.

விழா அன்று உலைக்கு எதிரே இருபத்தொரு மாநிலங்களும் வேர்த்து வழிந்தபடி நின்றன. டெல்லி அதிகாரி ஒவ்வொரு மாநிலமாகக் கைகுலுக்கி வந்தார். சுப்பராயனுக்கு வந்த நடுக்கம் நடிப்பே இல்லை. அவ்வளவு பெரிய அதிகாரியை அவன் கிட்டத்தில் பார்த்ததில்லை. அதிகாரி உருகிப்போய் இந்தியில் ஏதோ கேட்டார். இவ்வளவு தூரம் வீட்டை விட்டு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். ஸம்பத்குமாருக்கு இந்தி அரைகுறை.

"கம்பெனிக்கு வந்து எத்தனை வருஷம்னு கேக்கறார்" என்றார்.

சுப்பராயன் ஐந்து விரலைக் காட்டினான். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதிவேட்டை வாங்கித் தம் கைப்படவே எழுதினார்: 'சுப்பராயன். இமாச்சலப் பிரதேசம். தெற்கின் வெயிலில் ஐந்தாண்டுகளாக உழைக்கும் மலை மகன்.' கீழே கையெழுத்து, மேலே முத்திரை. கேடயம் கிடைத்துவிட்டது.

அடுத்த வாரம் நிரந்தரப் பட்டியலை ஒட்டினார்கள். சுப்பராயன் பெயர் இல்லை. நேரே நல அலுவலகத்துக்குப் போனான்.

"உள்ளூர்க்காரனுக்கு மட்டும்தான்டா இடம்" என்றார் ஸம்பத்குமார், மிகுந்த துயரத்துடன். "நீ ஹிமாச்சல்னு ரெக்கார்டு சொல்றது."

"சார், நம்ப ஊடு தோ, மதில் சுவத்துக்கு அந்தாண்ட கீது. எங்க நைனா நெலத்து மேலதான் நீங்க குந்திக்கினு கீறீங்க."

"எனக்குத் தெரியாதா? ஆனா டெல்லி கையெழுத்துப் போட்டிருக்கே. உன்னை உள்ளூர்னு எழுதினா இருபத்தொண்ணுல ஒரு மாநிலம் கொறையும். கேடயத்தைத் திருப்பிக் கேட்பா. தேசத்தைப் பிரிச்ச பாவம் நமக்கு எதுக்கு?"

"என் பொஞ்சாதி நெற மாசம் சார்" என்றான் சுப்பராயன்.

ஸம்பத்குமாரும் மனிதர்தானே. யோசித்தார். "வெளி மாநிலத்தானுக்குக் காண்டிராக்டர்கிட்ட தினக்கூலி உண்டு. உனக்காக நானே சொல்றேன்" என்றார்.

அப்போது ஒரு வாலிபர் பெட்டியுடன் உள்ளே வந்தார். மானேஜரின் மைத்துனர். முந்தாநாள்தான் நாக்பூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர். பதினோராவது உள்ளூர்க்காரர் அவர்தான். 'இவர் இம்மண்ணில் பிறந்து வளர்ந்தவர் என அறிவேன்' என்ற சான்றிதழில் ஸம்பத்குமார் அழகாகக் கையெழுத்திட்டிருந்தார்.

"இவருக்கு இடம் புதுசு" என்றார் சுப்பராயனிடம். "அழைச்சிண்டு போய் உலையைக் காட்டு. நீ வெளியூர்க்காரன்தானே, புது இடத்துல படற கஷ்டம் உனக்குத்தான் தெரியும்."