காணாமல் போன பதினேழாம் நம்பர்

நீச்சல் தெரியாதவர் நீச்சல் சொல்லித் தரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் பதினோரு வருடம் ஒரு பல்கலைக்கழகத்தில் 'தொழிற்சாலைப் பாதுகாப்பு' என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஆலையில் தீப்பிடித்தால் ஒரு ஆளைக்கூடத் தொலைக்காமல் எப்படி வெளியே கொண்டுவருவது என்பது அதில் நான்காவது அத்தியாயம். அதை நான் நடத்தினால் கடைசி பெஞ்சுகூட தூங்காது. பிறகு கும்மிடிப்பூண்டியில் ஒரு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் நாளே ஒரு ஆளைத் தொலைத்தேன்.

திருவள்ளூருக்கு வெளியே இருக்கிற அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம். (என் கணவர் சேகரைக் கேட்டால், எங்கள் கல்யாண நாளை மறந்துவிட்டு பருவத்தேர்வுத் தேதியை நினைவில் வைத்திருந்த கதையைச் சொல்வார். உண்மைதான்.) ஜன்னலோரத்து மேஜை, பதினொரு மணிக்கு கேன்டீன் சாம்பார் வடை, 'மேடம், ஒரே ஒரு டவுட்' என்று வழிமறித்து ஒன்பது டவுட் கேட்கும் பிள்ளைகள், எல்லாமே பிடிக்கும். அப்படியிருந்தும் அதை விட்டதற்குக் காரணம் பத்தாவது டவுட். ஒரு நாள் ஒரு மாணவி மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"மேடம், நீங்க எப்பயாச்சும் ஃபேக்டரிக்குள்ள போயிருக்கீங்களா?"

போனதில்லை. வாசலோடு சரி. அந்தக் கேள்வி மூன்று மாதம் என்னைத் தூங்கவிடவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு ஆலையில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் ஆலைத் தலைவர் ராமானுஜம் என்னைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"டீச்சருங்க பேப்பர்ல கெட்டிக்காரங்க மேடம். ஒரு மாசம் பாக்கறேன். சரிப்படலன்னா ரெண்டு பேருக்கும் வருத்தம் வேணாம்."

இங்கே சரிப்படாவிட்டால் திரும்பிப் போகவும் வழியில்லை. நான் கையெழுத்துப் போட்ட வாரமே என் ஜன்னலோரத்து மேஜைக்கு வேறொருவர் வந்துவிட்டார். சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து, அழுது (நான்தான் அழுதேன், அவர்கள் கேசரி சாப்பிட்டார்கள்) வழியனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒப்படைத்தேன், கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையைத் தவிர. 'வீட்ல இருக்கு சார், நாளைக்குக் குடுத்துடறேன்' என்று அலுவலகத்தில் பொய் சொன்னேன். அப்போது அது என் கைப்பையில்தான் இருந்தது.

முதல் நாள் காலை பச்சைப் புடவை கட்டினேன், பொட்டு வைத்தேன், அட்டையை மாட்டினேன். பதினோரு வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது. ஆலை வேன் பெரியபாளையம் தாண்டும்போதுதான் கழுத்தைக் கவனித்தேன். கழற்றியிருக்கலாம். மனசு வரவில்லை.

வாசலில் தயாளன் என்ற காவலாளி இருந்தார். எனக்கு ஆலை அட்டை சாயங்காலம்தான் தயாராகும் என்பதால், பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் பாஸ் ஒன்றை நீட்டினார். நம்பர் பதினேழு என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

"பேரு இன்னா மேடம்?" என்று நோட்டைத் திறந்தார்.

நான் பதில் சொல்லவில்லை. பாஸை எங்கே மாட்டுவது என்ற தர்மசங்கடத்தில் இருந்தேன். பல்கலைக்கழக அட்டையை எடுத்துவிட்டு அந்த உறையில் இதை வைப்பது துரோகமாகப் பட்டது. கடைசியில் பாஸைப் பழைய அட்டைக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி சொருகிவிட்டு உள்ளே போய்விட்டேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஒரு சொருகல்தான்.

மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறியது. தயாளன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எளாவூரில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டே காலுக்கு ராமானுஜம் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், ஒரு ஒத்திகை பாத்துடலாமா? சைரன் அடிச்சா பத்து நிமிஷத்துல தலை எண்ணி முடிக்கணும். நீங்களே நடத்துங்க."

பரீட்சை வைக்கிறார் என்று புரிந்தது. எனக்குச் சந்தோஷம்தான். நான்காவது அத்தியாயம் ஆயிற்றே.

சைரன் அடித்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இயந்திரங்களை நிறுத்திவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வரிசையாக வந்து நின்றார்கள். ஆறே நிமிடத்தில் ஊழியர் பட்டியல் சரியாகிவிட்டது. ராமானுஜம் லேசாகத் தலையாட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. மிச்சம், பார்வையாளர்கள் மூன்று பேர் மட்டும். புதிதாகக் காவலுக்கு வந்தவர் நோட்டைக் கொடுத்தார். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும் குரலில் கூப்பிட்டேன்.

"பதினாறு?"

கிரேன் பழுதுபார்க்க வந்தவர் கை தூக்கினார்.

"பதினேழு?"

பதில் இல்லை.

"பதினெட்டு?"

எண்ணெய் விற்க வந்தவர், "எஸ்" என்றார்.

மறுபடி, "பதினேழு?" என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கீறாங்க மேடம்."

நான் சிரித்தேன். ப்ராக்ஸி. பதினோரு வருடம், வராதவனுக்காகக் குரல் கொடுத்தவனைப் பிடித்த காது இது. கூட்டத்துக்குள் நடந்துபோய், குரல் கொடுத்தவரைச் சரியாகக் கண்டுபிடித்தேன். பெயர் வெங்கடேசு, ரப்பர் அச்சு ஓட்டுபவர்.

"நீங்க பதினேழைப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம். இங்கதான் எங்கனா இருப்பாங்க. அச்சுல ரப்பர் இறுகிக்கினு கீது, சீக்கிரம் போவணும், அதான்."

"ஒரு உயிர் விஷயத்துல இப்படிப் பொய் சொல்லலாமா?" என்று ஐந்து நிமிடம் அறிவுரை சொன்னேன். அழகான அறிவுரை. பத்து நிமிடக் கெடு அதிலேயே தீர்ந்துபோனது.

பிறகு நோட்டைப் பார்த்தேன். பதினேழுக்கு நேராக, பெயர்: மேடம். எங்கிருந்து: காலேஜ். அவ்வளவுதான்.

"ஐயோ பாவம், ஏதோ காலேஜ் பொண்ணு ப்ராஜெக்டுக்கு வந்திருக்கு. உள்ள எங்கேயோ மாட்டிக்கிச்சு" என்றேன். இதைச் சொல்லும்போது என் கழுத்தில் காலேஜ் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற இருநூறு பேருக்கும் ஷிஃப்ட் மாறும்போதே என்னை அதிகாரி என்று அறிமுகப்படுத்தியிருந்தார்கள். அதிகாரியைப் பார்வையாளர் என்று யார் நினைப்பார்கள்?

தேடுதல் வேட்டைக்கு ஆறு குழுக்கள் அமைத்தேன். கழிப்பறை, கிடங்கு, கொதிகலன் அறை எல்லாம் பார்த்தாயிற்று. நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, குப்புறப் படுத்து, "பதினேழு, பதினேழு" என்று நானே கூவினேன். உள்ளேயிருந்து எதிரொலி வந்தது. "யாரோ பதில் சொல்றாங்க" என்று கத்தினேன். இரண்டு பேர் கொக்கிக் கழியோடு இறங்கி, ஒரு பழைய வாளியோடு ஏறினார்கள்.

அதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. ஆம்புலன்ஸும் வந்தது. அச்சுக்குள் இருந்த ரப்பர் முழுவதும் இறுகிப்போனதாகச் செய்தி வந்தது. ராமானுஜம் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கம் இல்லை, பயம். வேலை போய்விடும் என்ற பயம் முதலில் வந்தது. அப்புறம் அதுவும் போய், யார் பெற்ற பிள்ளையோ, நான் பொறுப்பேற்ற முதல் நாளே செத்துக் கிடக்கிறதே என்ற பயம் வந்தது. 'பெருமாளே, பதினேழு உயிரோடு கிடைத்தால் உன் குளத்தில் வெல்லம் கரைக்கிறேன்' என்று திருவள்ளூர் இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

புதுக் காவலாளி அதுவரை விடாமல் போன் செய்துகொண்டிருந்தார்; அப்போதுதான் தயாளன் எடுத்தார். காவலாளி ஸ்பீக்கரில் போட்டார். இருநூறு பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம்.

"இன்னாபா, துன்னுக்கினு கீறேன். பதினேழா? அது நம்ம புது சேஃப்டி மேடம்பா. பச்சைப் பொடவை கட்டிக்கினு, காலேஜ் கார்டு மாட்டிக்கினு வந்தாங்களே. பேரு கேட்டா கார்டையே பாத்துக்கினு நின்னாங்க. அதான் மேடம்னு எழுதிக்கினேன். ஏன், இன்னா ஆச்சு?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. எல்லோரும் என் புடவையைப் பார்த்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது.

உறைக்குள் விரலை விட்டேன். முதலில் பழைய அட்டை வந்தது, பதினோரு வருடத்துக்கு முந்தைய என் சிரித்த முகத்தோடு. அதற்குப் பின்னால் பதினேழு. கடைசி வரிசையிலிருந்து வெங்கடேசு ரொம்பப் பணிவாகச் சொன்னார்.

"அப்பவே சொன்னேனே மேடம். இங்கதான் கீறாங்கன்னு."

என் வாழ்நாளில் நான் பிடித்த ப்ராக்ஸிகளில் உண்மையான ப்ராக்ஸி அது ஒன்றுதான்.

ராமானுஜம் என் பழைய அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வேலை போயிற்று என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"உங்க எண்ணிக்கை சரிதான் மேடம்" என்றார். "ஒரு ஆள் வரல. நீங்க இன்னும் அங்கதான இருக்கீங்க. நாளைக்கு வந்து சேருங்க."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தக் கேசரி விருந்தில் அழுதது எல்லாம் கணக்கிலேயே சேராது. மறுநாள் காலை பல்கலைக்கழகத்துக்குப் போய், அட்டையைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு, அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். நான்கு வருடமாகிறது. இன்றுவரை ஆலையில் தலை எண்ணும் தாளில் முதல் வரி 'எண்ணுபவர்' என்றுதான் இருக்கும். அதைச் சேர்த்தது நான். என் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது, 'பதினேழு மேடம்' என்றால்தான் தெரியும்.

வேண்டுதலையும் விடவில்லை. நோய் தீர்ந்தவர்கள் வெல்லம் கரைக்கும் அந்தக் குளத்தில் நானும் கரைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற அம்மாள், "யாருக்கு என்னம்மா?" என்று விசாரித்தார். "காணாம போனவங்க கெடச்சிட்டாங்க" என்றேன். "யாரு?" என்றார். சேகர் என்னைக் கைகாட்டிவிட்டு, பிரகாரத்துப் பக்கம் வேகமாக நடந்துவிட்டார்.

பழவேற்காட்டில் இருக்கும் என் அம்மாவுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. எங்கள் வீட்டு ஆண்கள் ஏரியில் மீன் பிடிப்பவர்கள். சாயங்காலம் கரையில் நின்று, வந்த படகுகளை எண்ணுவது அம்மாவின் வேலை. "நாப்பது வருசமா எண்றேன்டி. ஒரு நாளாச்சும் ஏரில எறங்கி என்னியத் தேடிக்கினு கீறனா?" என்று கேட்டாள். 

இப்போதும் சில நாள் சாப்பிடும்போது கை அப்படியே நின்றுவிடும். ஜன்னலோரத்து மேஜையும் பதினொரு மணி வடையும் நினைவுக்கு வரும். சேகர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். உடனே உள்ளறையில் இருக்கும் மகளுக்குக் குரல் கொடுப்பார்.

"பாப்பா, பதினேழைக் காணோம். போய்த் தேடிக் கூட்டிக்கினு வா, சோறு ஆறுது."