எலுமிச்சங்காய் மேஸ்திரி போட்ட தரை

ஜொகூர் முழுக்கச் சலித்தாலும் எலுமிச்சங்காய் மேஸ்திரியைப் போல நம்பிக்கையான தரை ஆள் கிடைக்க மாட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான். அவ்வளவு நம்பிக்கையாக என் உயிரை வாங்கியவர் வேறு எவருமில்லை.

அப்போது பெக்கோக் ரயில் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தேன். புருஷன் போன பிறகு நானே நடத்திய கடை. யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை. ஒருநாள் சுகாதாரத் துரை வந்து மண் தரையைத் தடியால் குத்தினார். அடுத்த மாதம் வரும்போது சிமிட்டித் தரை இல்லாவிட்டால் கடையை மூடிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆள் தேடினேன். பெக்கோக்கில் புலி தேடாமலே வரும். தரை போடுகிறவன் தேடினாலும் வர மாட்டான். முதலில் வந்தவன் பள்ளம் தோண்டிவிட்டுச் சிங்கப்பூர் போய்விட்டான். இரண்டாமவன் எட்டிப் பார்த்து, "கெணறா வெட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினான். கடைசியில் துணிக்கடை ராவுத்தர்தான் சிகாமட்டிலிருந்து மேஸ்திரியை வரவழைத்தார்.

மேஸ்திரியின் மடியில் எப்போதும் ஓர் எலுமிச்சங்காய் இருக்கும். "மட்டம் பாக்குற ரசமட்டம் பொய் சொல்லும் தங்கச்சி, இது சொல்லாது" என்பார். தரை காய்ந்ததும் வாசலிலிருந்து அதை உருட்டுவார். அது நேரே பின்மூலைச் சாக்கடை ஓட்டைக்குப் போக வேண்டும். வழியில் நின்றால் கடப்பாரையை எடுத்துவிடுவார்.

முதல் தரையை உடைத்தார். இரண்டாவதையும் உடைத்தார்.

"அது என்ன பாவம் பண்ணிச்சு மேஸ்திரி?"

"ஒரு நூல் பள்ளம்."

"ஒரு நூல் பள்ளத்துல யாரு விழுந்து சாகப் போறா?"

"தண்ணி நிக்கும்லா! தண்ணி நின்னா என் பேரு போயிரும்."

"எலுமிச்சங்காங்கிற பேரு போனா போகட்டுமே!"

பாதிக் கடையில் வேலை, மறுபாதியில் சோறு என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். அதிலும் மண் விழுந்தது. வாசல்படியில் எலுமிச்சங்காய் கிடந்தால் நம் ஆள் எவன் தாண்டி வருவான்? யாரோ கழித்துப் போட்டது என்று ரயில்வேக்காரர்கள் அத்தனை பேரும் மீ விற்கும் சீனன் சாப்பாட்டுக் கடைக்குத் திரும்பினார்கள். "அக்கா கடைக்கு யாரோ செய்வினை வெச்சுட்டாங்க" என்று ஊரெல்லாம் பேச்சு. எடுக்கப் போனால் மேஸ்திரி கத்துவார்: "தொடாதீங்க தங்கச்சி! உருளலாமா வேணாமான்னு யோசிக்குது."

அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

துரை வரும் நாள் வந்தது. மூன்றாவது தரை கண்ணாடியாகக் காய்ந்திருந்தது. கற்பூரம் கொளுத்திவிட்டு உலையை இறக்கப் போனேன். திரும்பி வந்தால் பின்மூலை உடைந்து கிடக்கிறது. மேஸ்திரி புதுச் சாந்தை நிரப்பித் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "ஒரு சாண் முன்னாடியே நின்னுருச்சு தங்கச்சி."

வாசலில் துரையும் அவரிடம் எழுத்து வேலை பார்க்கும் தமிழ்க் கிராணியும் நின்றார்கள். ஒரு மூலை ஈரமாக இருந்தாலும் அது முடியாத தரைதான். கடை போயிற்று என்றே நினைத்தேன்.

"அலமாக்!" என்று மலாயில் பதறினார் மேஸ்திரி. என் முகத்தைப் பார்த்தார். அப்படியே ஈரச் சாந்தின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "எலையப் போடுங்க." ஈர மூலை அவருக்கடியில் மறைந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய் இலை விரித்துச் சோறு போட்டேன்.

துரை வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். தண்ணீர் நல்ல பிள்ளையாக ஓடி, மேஸ்திரியைச் சுற்றிக்கொண்டு சாக்கடைக்குள் போனது. இவரை எழுந்திருக்கச் சொல் என்று துரை கையைக் காட்டினார். கிராணி பதறிப்போய் இங்கிலீஷில் கெஞ்சினார். இலையில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்புவது எங்களில் பெரிய பாவம் என்று சொன்னாராம். துரை காத்திருந்தார். காலையில்தான் எட்டு இட்லி தின்ற மேஸ்திரி, "இன்னுங் கொஞ்சம் ரசம், தங்கச்சி" என்று ஐந்து தடவை கேட்டார். ஆறாவது தடவை வாய் திறக்குமுன் ரயில் கூவியது. துரை அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

ராவுத்தரும் நானும் சேர்ந்து மேஸ்திரியைப் பிடுங்கி எடுத்தோம். சாந்தில் வேட்டியின் நெசவுகூட அச்சாக விழுந்திருந்தது. குனிந்து பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒடைக்கணும் தங்கச்சி. எத்தன நூல் பள்ளம் பாருங்க!"

"கடப்பாரையத் தொட்டா கைய ஒடிப்பேன்" என்றேன்.

எத்தனையோ பேர் அந்தப் பள்ளத்தைப் பூசித் தருகிறேன் என்று வந்தார்கள். விடவில்லை. இன்றைக்கும் கடையில் எலுமிச்சங்காய் தவறி விழுந்தால் உருண்டு போய் அந்தப் பள்ளத்தில்தான் உட்காருகிறது. நான் உடனே எடுப்பதில்லை. சாப்பிடுகிறவரை எழுப்புவானேன்.