பூட்டுப் போட்ட கெட்டிமேளம்

நேர்மையாக இருப்பது தப்பே இல்லை. நேர்மையாக இருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் பாருங்கள், அதுதான் தப்பு. இருபத்தாறு வயதில் இந்த விவரம் எனக்குத் தெரிந்திருந்தால் என் தங்கை சாந்தியின் கல்யாணம் எல்லார் வீட்டுக் கல்யாணமும் போல நடந்திருக்கும். நானும் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு நிம்மதியாகப் போய் வந்துகொண்டிருப்பேன்.

(நான் மட்டாஞ்சேரித் தமிழன். வீட்டில் பேசியது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். இதில் எழுத்துப்பிழை இருந்தால் என் மனைவியைக் கேளுங்கள். திருத்தியது அவள்.)

அப்பா கொச்சி மாநகராட்சியில் தண்ணீர்க் குழாய் பார்க்கிற வேலையில் இருந்தார். நான் காக்கநாட்டு ஐ.டி. பார்க்கில் வேலைக்குச் சேர்ந்ததும் எங்கள் தெருவில் என் மரியாதை கூடிப்போனது. பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டால் என்ன செய்யலாம் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு போனில் சொல்வதுதான் என் வேலை. தெருவுக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. மிக்ஸி ஓடாவிட்டால்கூட என்னைக் கூப்பிட்டார்கள், நானும் போய்ப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது, இணையத்தில் காசு கொடுத்துப் பாட்டு வாங்கும் கடைகளும் வந்தன. நான் ஒரு கடையில் கணக்குத் தொடங்கி முதல் வேலையாக மங்கள இசை ஆல்பம் ஒன்று வாங்கினேன். நாதஸ்வரம், தவில், கடைசியில் கெட்டிமேளம். சாந்திக்கு அப்போதுதான் பாலக்காட்டில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாங்கியது.

வாங்கியவன் சும்மா இருந்திருக்கலாம். பஜார் ரோட்டில் கேசட் கடை வைத்திருக்கும் சலீம் இக்காவிடம் போய்ப் பெருமை பீற்றினேன். இக்கா என்றால் அண்ணன். அவர் மலையாளிதான். ஆனால் பாதி வாடிக்கையாளர்கள் தமிழர்கள் என்பதால் எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார்.

"இது காப்பி பண்ண முடியாத பாட்டு இக்கா. பூட்டுப் போட்டிருக்கான். யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

"மோனே, ஒரு சம்சயம். எனக்குக் கேக்கத் தந்தா என் கடையில பாடுமா?"

"பாடாது."

"உன் அப்பாவோட பிளேயர்ல?"

"பாடாது இக்கா. என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான்."

இக்கா ஒரு கேசட்டைத் தூசி தட்டி அடுக்கில் வைத்தார். "அப்ப நீ பாட்டு வாங்கல மோனே. பாட்டை உன் வீட்டுல ஜாமீன்ல விட்டிருக்கான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கலைஞர்களின் உழைப்பு, உரிமை, சட்டம் என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். ஒரிஜினல் கேசட் மட்டுமே விற்கிற மனுஷனிடம் போய்! யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்ற அந்த யாரில் நானும் சேர்த்தி என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இங்கே மாப்பிள்ளையின் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா இல்லாத மாப்பிள்ளை. எல்லாம் பெரியப்பா சொல்கிறபடிதான். அந்தப் பெரியப்பா, இதற்கு முன்னால் ஓர் இடத்தில் பெண் காபியோடு வந்து நிற்கும்போது யாரோ தும்மிவிட்டார்கள் என்று, காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனவர். தரகர் இதை எங்களிடம் சொன்னபோது அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஏனென்றால் எங்கள் ஊர் மட்டாஞ்சேரி. முன்னால் மிளகு கிடங்கு, பின்னால் சுக்குக் கிடங்கு, காற்றடித்தால் வற்றல் மிளகாய். எங்களுக்குத் தும்மல் என்பது மூச்சு விடுவது மாதிரி. பெண் பார்க்க வந்த அன்று அம்மா ஜன்னலையெல்லாம் அடைத்து, அப்பாவுக்கு ஜலதோஷம் என்பதால் அவரைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டாள். (பெண்ணின் தகப்பனார் எங்கே என்று பெரியப்பா கேட்டதற்கு, அவசரமாகக் குழாய் உடைந்துவிட்டது என்று நான் சொன்னேன்.) எப்படியோ சம்பந்தம் முடிந்தது. சாந்திக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துப் போயிற்று. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் போன் மணி அடித்தால் எங்களில் யாரையும் எழுந்திருக்கவே விடமாட்டாள்.

"தாலி கட்டற நேரத்துல மட்டும் ஒரு தும்மல் விழுந்துடப்படாது. நல்லா நாலு தவில் வச்சுக் கெட்டிமேளம் கொட்டச் சொல்லுங்க. இடி விழுந்தாலும் கேக்கப்படாது" என்று அப்பாவிடம் தினமும் சொன்னாள் அம்மா. கெட்டிமேளம் கொட்டுவதே அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழாமல் இருக்கத்தானே. அப்பா பாலக்காட்டிலேயே நல்ல செட்டாகப் பார்த்து ஏற்பாடு செய்தார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அந்த உற்சாகத்தில் நானும் கம்ப்யூட்டரை வெள்ளையடித்தேன். அதாவது ஃபார்மட் செய்தேன். பாட்டுகளையெல்லாம் சிடியில் எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளே இருந்ததை ஒட்டுமொத்தமாகத் துடைத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, பாட்டுகளைத் திரும்ப ஏற்றினேன். எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. கல்யாண வீட்டில் கம்ப்யூட்டர் மட்டும் அழுக்காக இருக்கலாமா?

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியம் மாப்பிள்ளை வீட்டார் வந்து லாட்ஜில் இறங்கினார்கள். சாயங்காலம், மறுநாள் ஹர்த்தால், அதாவது முழுக் கடையடைப்பு என்று அறிவிப்பு வந்தது. ஏழு மணிக்கு நாதஸ்வரக்காரர் போன் செய்தார்.

"மன்னிக்கணும் சாமி. வழியில கல்லெறிவாங்கன்னு வேன்காரன் வரமாட்டேங்கறான். கல்யாண போர்டு வைக்கலாம்னு கெஞ்சிப் பாத்தாச்சு."

அப்பா ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா, "ஈஸ்வரா, நாளைக்குப் பாத்து யாராவது தும்மினா அந்த மனுஷன் எந்திரிச்சுப் போயிடுவாரே!" என்று அழ ஆரம்பித்தாள். சாந்தி அழவில்லை. மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"எதுக்கு அழறீங்க? கெட்டிமேளம் என்கிட்ட இருக்கு. ஒரிஜினல்."

விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த சலீம் இக்கா, "என் கடையில நாதஸ்வரக் கேசட் இருக்கு. எடுத்துட்டு வரட்டா?" என்றார்.

"ஒரிஜினல் டிஜிட்டல் இருக்கும்போது கேசட் எதுக்கு இக்கா?" என்றேன். அந்தக் குரலை இன்று நினைத்தாலும் எனக்கே என்னை ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அம்மா ஓடிவந்து மவுஸைப் பிடித்துக்கொண்டாள். "தாலி ஏறறதுக்கு முந்தி வீட்டுல கெட்டிமேளச் சத்தம் கேக்கப்படாது. டேய் மதி, எடு கையை!" என்றாள். எடுத்துவிட்டேன்.

பாட்டு அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் பாடும். ஆகவே கம்ப்யூட்டரையே மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஹர்த்தாலில் ஆட்டோ ஏது? காலையில் அரிசி மூட்டை தள்ளுகிற கைவண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, மெத்தை விரித்து, அந்தக் காலத்து யானைத்தலை மானிட்டரையும் சிபியுவையும் அம்மாவின் சேலையால் சுற்றி ஏற்றினோம். நான் தள்ள, என் மாமா ஒயர்களைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார். பஜார் ரோடு முழுக்கக் கடை அடைப்பு. மூடிய கடைகளின் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றைக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

"சேட்டா, கம்ப்யூட்டருக்கா கல்யாணம்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமா, மாப்பிள்ளை இவன்தான்" என்று மாமா என்னைக் காட்டினார்.

மண்டபத்தில் ஒயரையெல்லாம் மாட்டி, ஒலிபெருக்கியோடு இணைத்து, முதலில் பக்திப் பாட்டுகளைப் போட்டேன். அவை அப்பா வாங்கின சிடிகளிலிருந்து நானே எம்.பி.3 ஆக மாற்றி வைத்தவை. கணீரென்று பாடின. பெரியப்பாகூட என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். எனக்கு நெஞ்சு விரிந்தது. பூட்டில்லாத பாட்டுகள் பாடுகின்றன என்று எனக்குத் தோன்றவில்லை. பாட்டுகள் பாடுகின்றன என்றுதான் தோன்றியது.

தாலியைத் தட்டில் வைத்து எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள். தட்டு மணவறைக்குத் திரும்பியது. நான் பக்திப் பாட்டை நிறுத்திவிட்டுக் கெட்டிமேளத்தின் மேல் மவுஸை வைத்துத் தயாராக நின்றேன். ஐயர் விரலை உயர்த்தி, மைக்கில், "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார்.

அமுக்கினேன்.

"டிங்!"

மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில். திரையில் ஒரு சின்னப் பெட்டி. இந்தக் கணினியில் இந்தப் பாடலை இயக்க உங்களுக்கு உரிமை இல்லை, இணையத்தில் இணைந்து உரிமம் பெறவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

பாட்டோடு கூடவே ஒரு சாவியும் கம்ப்யூட்டருக்குள் வந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, சிடியில் ஏறாது. நான் வெள்ளையடித்தபோது அது துடைபட்டுப் போயிருந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நிமிஷம் தெரிந்ததெல்லாம் அந்த மண்டபத்தில் இணையம் இல்லை, போன்கூட இல்லை என்பதுதான். காசு கொடுத்து வாங்கியவன் நான், உரிமை இல்லையாம்! பெட்டியை மூடிவிட்டு மறுபடி அமுக்கினேன்.

"டிங்!"

மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். சாந்தி தலையைக் குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் யார் மூக்கைத் தேய்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல நேரம் போறது. கட்டுங்கோ, கட்டுங்கோ" என்றார் ஐயர்.

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். நான் அமுக்கினேன். டிங். இரண்டாவது முடிச்சு. டிங். நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டாள். டிங். அளவெடுத்த மாதிரி, முடிச்சுக்கு ஒன்று.

பிறகு நிசப்தம். என் ஜென்மத்தில் மட்டாஞ்சேரியை அவ்வளவு அமைதியாகக் கேட்டதில்லை. கடையும் இல்லை, வண்டியும் இல்லை, மேளமும் இல்லை. அந்த அமைதியில்தான் அது விழுந்தது.

"ஹ... ஹ... ஹச்ச்!"

சாதாரணத் தும்மல் இல்லை. ஐயரின் மைக்குக்கு ஓர் அடி தள்ளி நின்று தும்மிய தும்மல். எல்லார் தலையும் திரும்பியது. பாலக்காட்டுப் பெரியப்பா, கையில் அட்சதையோடு, மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான்கு மாதமாகத் தும்மலுக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "நூறாயுசு!" என்று கத்தினாள். அப்படியொரு சந்தோஷமான குரல்.

பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். "மிளகு நெடி" என்றார் மெதுவாக. யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. சாந்தி மாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள், மாப்பிள்ளை சிரித்தார், கடைசியில் பெரியப்பாவும் சிரித்துவிட்டு அட்சதையை எடுத்து என் தலையில் போட்டார். நான் மட்டும் மானிட்டருக்குப் பின்னால் நின்று அழுதேன். அவமானமா நிம்மதியா என்று எனக்கே தெரியவில்லை.

நடுவில் காணாமல் போயிருந்த சலீம் இக்கா அப்போதுதான் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் கேசட், கக்கத்தில் டேப் ரிக்கார்டர். "பாடுதா மோனே?" என்று கேட்டார். ஆக, எங்கள் வீட்டுக் கெட்டிமேளம் சாம்பார் பரிமாறும்போது முழங்கியது.

மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மேளக்காரர்களை அம்மா இரண்டு நாள் முன்பே வரவழைத்துச் சோறு போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். மேளம் இடிபோல முழங்க, என் தங்கை மூன்றாவது முடிச்சைப் போட்டாள். மேளம் ஓய்ந்தது. அந்த இடைவெளியில் முன்வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

"டிங்!"

சாந்தியின் வீட்டுக்காரர் மொபைலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் கல்யாண வீடியோவிலிருந்து அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

"எம்.பி.3 மச்சான்! பூட்டெல்லாம் கிடையாது" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா தன் மொபைலை எடுத்து, "எனக்கும் புளூடூத்ல அனுப்பிட்டான்" என்று அவரும் ஒரு டிங் அடித்தார். என் புது மனைவி இது என்ன சத்தம் என்று பயந்துபோய்க் கேட்டாள். சாந்திதான் குனிந்து அவள் காதில் கதை முழுக்கச் சொன்னாள்.

நான் மறுபடி உரிமம் வாங்கப் போவதற்குள், பாட்டு வாங்கிய அந்த இணையக் கடையையே மூடிவிட்டார்கள். மங்கள இசை ஆல்பம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, சாந்தி கல்யாணத்திலிருந்து இன்றுவரை அதன் கெட்டிமேளத்தை யாரும் கேட்டதில்லை. டிங் மட்டும் சொந்தக்காரர்கள் எல்லார் மொபைலிலும் ஏறிவிட்டது. போன மாதம் பாலக்காட்டில் பெரியப்பா பேத்தியின் கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாதஸ்வரக்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"மூணாவது முடிச்சு விழுந்ததும் மேளத்தை ஒரு நிமிஷம் நிறுத்தணும்னு பெரியவர் சொன்னார். ஏதோ சத்தம் வரணுமாமே, உங்க குடும்ப வழக்கமாமே, அப்படியா சார்?"

"ஆமாங்க. தலைமுறை தலைமுறையா வர்ற வழக்கம். நிறுத்திடுங்க" என்றேன்.