பொருள்நிலை ஒப்புறுதிப் பிரிவின் மெய்வரலாறு

பட்டம் வாங்கப் படிப்பு மட்டும் போதாது, பதினொரு கையெழுத்தும் வேண்டும் என்பது தாம்பரத்துக்கு மேற்கே உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் கொள்கை. எம்.ஏ. வரலாறு முடித்த பம்மல் ஜஹீரா பத்து வாங்கிவிட்டாள். பதினொன்றாவது, பொருள்நிலை ஒப்புறுதிப் பிரிவு. அது என்ன பிரிவு என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் சாலமோனே யாரையும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழைக் காட்டினால் பள்ளிக்கரணையில் டீச்சர் வேலை. இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அன்று செவ்வாய்.

“கையெழுத்துப் போட முடியாதும்மா,” என்றார் சாலமோன். “செக்‌ஷனே இருக்கா இல்லையான்னு சந்தேகம் வந்துடுச்சு.”

“உள்ளேதானே சார் உக்காந்திருக்கீங்க?”

“நான் இருக்கேன். செக்‌ஷன் இருக்கான்னு ஃபைல்தான் சொல்லணும்.”

விஷயம் இதுதான். தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. இப்போது எங்கே பார்த்தாலும் பாரம்பரியம்தானே ஃபேஷன்! ஒவ்வொரு துறையும் அலுவலகமும் தன் வரலாற்றை, தோற்றுவித்த ஆணையோடு சமர்ப்பிக்க வேண்டும். ஆணை கிடைக்காத அலுவலகம் அதுவரை கையொப்பமிடலாகாது என்று சுற்றறிக்கை. வேதியியல் துறை ஆர்வக்கோளாறில் பல்கலைக்கழகத்தைவிட ஒன்பது வருஷம் மூத்ததாகிவிட்டது. தமிழ்த் துறை சும்மா இருக்குமா? ‘தோற்றம்: சங்க காலம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

“நீதான் ஹிஸ்டரி படிச்ச பொண்ணாச்சே,” என்றார் சாலமோன். “எங்க வரலாறைத் தோண்டி எடு. அடுத்த நிமிஷம் கையெழுத்து.”

எல்லாம் தலையெழுத்து என்று ஜஹீரா ரெக்கார்டு ரூமுக்குள் இறங்கினாள். தும்மித் தும்மி மூக்கு சிவந்து, வியாழக்கிழமை மத்தியானம் பிரிவின் மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். 1991இல் தேர்வுப் பிரிவுக்கு வாங்கிய இரும்பு பீரோ வாசலில் நுழையவில்லை. வராந்தாவில் வைத்தார்கள். காவலுக்கு ஓர் ஆள். ஆளுக்கு நாற்காலி. நாற்காலி வந்ததால் மேசை. மேசையைப் பார்த்ததும் எவனோ ஒரு மாணவன் படிவத்தை நீட்டியிருக்கிறான். பாவம், அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுவருஷம் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே அச்சாகிவிட்டது.

ஜஹீராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதிவாளர் லோகநாயகியிடம் ஓடினாள்.

“மேடம், அப்படி ஒரு செக்‌ஷனே கிடையாது! வெறும் பீரோ! பத்துக் கையெழுத்தே போதும்!”

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். “இல்லாத செக்‌ஷன் முப்பத்திநாலு வருஷமா கையெழுத்துப் போட்டிருக்குன்னா, அந்த டிகிரி எல்லாம் செல்லுமா?”

“அது வந்து...”

“நானும் இங்கேதாம்மா படிச்சேன். தொண்ணூத்தாறு பேட்ச்.”

உடனே சாலமோன் வரவழைக்கப்பட்டார். பிரிவு இருப்பதற்கு வேறு ஆதாரம் உண்டா என்று பதிவாளர் கேட்க, அவர் ஜன்னலைக் காட்டினார். கீழே பதினான்கு பேர் படிவத்தோடு நின்றிருந்தார்கள். ‘வரிசை நிற்பதால், அவ்வரிசையின் முனையில் ஓர் அலுவலகம் இருப்பதாகக் கருதி ஆணையிடப்படுகிறது’ என்று எழுதினார் பதிவாளர். ஆணை மேலே போய்க் கீழே வர ஒன்பது நாள். பள்ளிக்கரணை வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது.

“உங்க செக்‌ஷனைக் காப்பாத்திக் குடுத்தேனே சார், என் வேலை போச்சே!” என்று ஜஹீரா அழுதே விட்டாள். சாலமோனுக்கு மனசு கேட்கவில்லை. முதல் கையெழுத்தை அவளுக்கே போட்டார். பதிவாளரைக் கெஞ்சி, அதே பிரிவில் முத்திரை குத்தும் தற்காலிக வேலையும் வாங்கித் தந்தார். ஆறு மாதம். பிரிவு இருந்தால் நீட்டிப்பு.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். வரிசை ஐம்பதைத் தாண்டியிருந்தது. முதலில் நின்ற குன்றத்தூர் அபிகாயில், “அக்கா, நாளைக்கு எனக்கு ஜாயினிங்,” என்று கண் கலங்கினாள். ஜஹீராவுக்கு மனசு உருகிவிட்டது.

“எல்லாரும் ஃபார்மைக் குடுங்க. மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்.”

சாலமோன் பதறிப்போய்க் காதருகே குனிந்தார். “இன்னாம்மா பண்றே? வரிசைதான் நமக்கு ஆதாரம். நாளைக்குக் குழு வந்து பாக்கும்போது ஒருத்தரும் நிக்கலைன்னா?”

ஜஹீரா வரிசையைப் பார்த்தாள். தன் நியமன ஆணையைப் பார்த்தாள். அபிகாயிலின் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“புதன்கிழமை வாங்கம்மா.”