பங்குதாரர் ஆயிஷா உம்மா

மக்களைக் கேட்காமலே மக்களை அப்புறப்படுத்துவது காட்டுமிராண்டிக் காலத்து வழக்கம். அவர்களைக் கூப்பிட்டு, கதிரை போட்டு, குடிக்கப் பிளேன்டியும் கடிக்கப் பற்றிசும் கொடுத்து, கருத்துக் கேட்ட பிறகே அப்புறப்படுத்துகிற உயர்ந்த நாகரிகம் சுனாமி வந்துபோன ஐந்தாவது மாதத்தில் கல்முனைக் கடற்கரையில் உதித்தது. அதன் பெயர் "அனர்த்த விழிப்புணர்வுடன் கூடிய பங்கேற்பு நகரத் திட்டமிடல்". இதை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்களுக்கு அதில் வேலை கிடைத்தது. ஊர்ப் பொடியன் றம்ஸீனுக்கும் கிடைத்தது.

முதல் கூட்டத்தில் ஆயிஷா உம்மா முன்வரிசையில் இருந்தாள். கடல் அவளுடைய புருஷனையும் வீட்டையும் ஒரே நடையில் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது கரையோரத்தில் வீடு நின்ற வெறும் வளவு மட்டும். மகள் அஸ்னாவை ஜெமீலுக்குப் பேசி வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை வந்து குடியிருப்பது பெண்ணின் வீட்டில். வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணமும் இல்லை. அந்த வளவில் நாலு சுவர் எழும்பினால்தான் ஆயிஷா உம்மாவுக்கு மூச்சு வரும்.

"நீங்க எல்லாரும் பங்குதாரர்," என்றான் றம்ஸீன்.

"பங்கெண்டா எங்களுக்கு என்ன தம்பி கிடைக்கும்?"

"கதைக்கிற பங்கு ராத்தா."

பிறகு கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர் கதைத்தார். றம்ஸீன் அதைத் தமிழாக்கினான். கடல் ஆபத்தானது என்றார் ஆலோசகர். ஆயிஷா உம்மாவுக்கு அதைச் சொல்ல அவர் அவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது. ஒரு மனிதர் தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருக்க, வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதையல்ல. ஆகவே வசனத்துக்கு வசனம் அவள் "ஓம்" கொட்டினாள். கரையிலிருந்து அறுபத்தைந்து மீற்றருக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்ற வசனத்துக்கும் ஒரு "ஓம்" விழுந்தது.

அறிக்கை வெளியானபோது, அவளுடைய வளவு "உரிமையாளரின் மனமுவந்த சம்மதத்துடன்" திட்டத்துக்கென விடுவிக்கப்பட்டிருந்தது. அவள் றம்ஸீனின் காரியாலயத்துக்கு ஓடினாள்.

"நான் எப்ப தம்பி சம்மதிச்சன்?"

"இருபத்தேழு தரம் ஓம் எண்டிருக்கீங்க ராத்தா. ஊரிலயே ஆகக் கூட ஓம் உங்கடதான்."

"அது நான் கேட்டுட்டிரிக்கன் எண்டு செல்ற ஓம்."

"நிரப்புற ஃபோமில ஒரே வகை ஓம்தான் இரிக்கி."

"அப்ப இப்ப செல்றன். இல்ல."

"கூட்டம் முடிஞ்சிட்டே. அடுத்த கூட்டத்தில செல்லுங்க."

அடுத்த கூட்டம் நான்கு வருடம் கழித்து, யுத்தமும் முடிந்த பிறகு வந்தது. அதற்குள் ஜெமீல் கட்டாருக்குப் போய், பாதித் தலைமுடியோடு திரும்பிவிட்டான். அவனுடைய உம்மா மாதாமாதம் வந்து, "வளவு என்ன மாதிரி?" என்று சுகம் விசாரிப்பது போல விசாரித்துப் போனாள்.

ஆயிஷா உம்மாவும் சும்மா இருக்கவில்லை. தற்காலிகக் கொட்டில்களில் இருந்த பெண்களையெல்லாம் பழக்கி வைத்திருந்தாள். "அவனுகள் என்ன கேட்டாலும் இல்ல எண்டு செல்லுங்க. தலையும் ஆட்டப்படாது."

இந்த முறை ஆலோசகர், கடல் இப்போது திருந்திவிட்டது என்ற நற்செய்தியுடன் வந்திருந்தார். அறுபத்தைந்து மீற்றரும் தளர்த்தப்பட்டாயிற்று. விடுவிக்கப்பட்ட வளவுகளில் ஒரு சுற்றுலா விடுதி வரப்போகிறது. அதற்குப் "பங்குதாரர்களின்" கருத்து வேண்டும்.

றம்ஸீன் இப்போது சிரேஷ்ட இணைப்பாளர். "எல்லாரும் பிளேன்டி குடிச்சீங்களா?" என்று அன்பாகத் தொடங்கினான்.

"இல்ல," என்றது மண்டபம், கையில் கோப்பையோடு.

றம்ஸீன் கெட்டிக்காரன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். தாளில் இருந்த கேள்வியை ஒரு கோடு போட்டு வெட்டினான். பிறகு தேன் சொட்டக் கேட்டான்.

"இந்தத் திட்டத்துக்கு ஆருக்காவது ஆட்சேபனை இரிக்கா?"

"இல்ல!"

ஆயிஷா உம்மாவின் வாய் மூடும் முன்பே அவனுடைய பேனா மூடிவிட்டது. அவள் எழும்பினாள்.

"தம்பி, அந்த இல்ல, அந்த இல்ல இல்ல."

"பதிஞ்சாச்சி ராத்தா. இப்பவும் மூண்டு தரம் இல்ல எண்டிட்டீங்க."

விடுதி எழும்பியது, கடலைப் பார்த்த கலியாண மண்டபத்தோடு. அங்கே நடந்த முதல் கலியாணம் ஜெமீலுடையது. பெண்ணுக்குக் கடல் எட்டாத வரிப்பத்தான்சேனையில் வீடு இருந்தது.

திட்டத்தைக் குறை சொல்பவர்கள் நன்றி கெட்டவர்கள். அனர்த்தம் வருவதை மக்கள் முன்கூட்டியே அறிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அது அட்சரம் பிசகாமல் நிறைவேறியது. கடல் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. திட்டக்காரர்கள் ஏழு நாளைக்கு முன்னமே கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் அனுப்பிவிட்டுத்தான் வந்தார்கள்.