காவடிப் பாட்டுக்கு ஒரு கையொப்பம்

மண்டபம் அகதி முகாமில் இருக்கும் அன்பு மாமா பாலசிங்கத்துக்கு,

மருமகள் டிலக்சனா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் ஊர் திரும்பிச் சுகமாக இருக்கிறோம். நீங்களும் மாமியும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்கத் திருக்கேதீச்சரத்தானை வேண்டுகிறோம்.

உங்களிடம் எனக்கு வேண்டியது ஒரு கையொப்பம். கோயில் திருவிழாவில் நீங்கள் பாட, அப்பா பதிந்த காவடிப் பாட்டுக் கசெற், நாங்கள் ஓடிய இடமெல்லாம் அரிசி வாளிக்குள் கிடந்து தப்பிவிட்டது. அம்மா ஒவ்வொரு பின்னேரமும் அதைப் போட்டுக் கேட்பா. இப்போது நாடா நைந்துபோய்விட்டது. இன்னும் சில தரம் ஓடினால் அறுந்துவிடும் என்றார் சனூன் நானா. பள்ளிக்கூடத்தை விட்டபின் சிலாவத்துறையில் அவருடைய கடையில்தான் போட்டோக்கொப்பி அடிக்கிறேன். பாட்டைக் கொம்பியூட்டரில் ஏற்றித் தருவதாக அவர் சொன்ன கிழமை பார்த்து எம்.பி. ஐயா வந்துவிட்டார்.

கூரைத் தகரம் கிடைக்கும் என்று ஊரே பொதுமண்டபத்துக்குப் போனது. கரண்ட் வராத அந்த மண்டபத்தில் அவர் ஒரு மணித்தியாலம் இணையத்தைப் பற்றிப் பேசினார். பிறருடைய பாட்டையோ படத்தையோ எழுத்தையோ எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் பிரதி எடுப்பது களவு, கடுஞ்சட்டம் வரப்போகிறது, அதற்குத் தானே கை உயர்த்தப்போகிறார் என்றார். பூமணி அன்ரி எழும்பி, தகரம் எப்போது வரும் என்று கேட்டா.

"இனி எல்லாம் இணையத்தில வரும், அம்மா."

"அப்ப மழையும் அதிலயோ வரும், ஐயா?"

அந்தப் பேச்சை முதல்நாள் அவருடைய செயலாளருக்குக் கொப்பி அடித்துக் கொடுத்தது நான்தான். வேறொருவரின் பெயரை வெட்டி இவர் பெயரை எழுதியிருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தது. ஓரிடத்தில் வேற்று மாவட்டத்தின் பெயரை வெட்ட மறந்திருந்தார்கள். "அம்பாறை வாழ் மக்களே" என்று வாசித்தார். நாங்களும் அம்பாறைக்காகக் கைதட்டினோம்.

ஆனால் நானா பயந்துவிட்டார். அடையாள அட்டை கொப்பி அடிக்க வந்தவர்களைக்கூட, அட்டை அரசாங்கத்துடையது, அங்கே போய்க் கடிதம் வாங்கி வரும்படி திருப்பி அனுப்புகிறார். என்னிடமும், "பாடினவர்ர கையொப்பம் வேணும், புள்ள" என்றுவிட்டார்.

கடையில் வேலையில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கரை வானொலி இங்கே கைபேசியில் கேட்கிறது. அந்தப் பாட்டெல்லாம் ஆரிட்டக் கேட்டுக் கடல் தாண்டுது, மாமா? நடுக்கடலில் எந்த நாட்டுச் சட்டம்? நெல் புடைக்கும்போது அம்மா உங்கள் பாட்டை முணுமுணுக்கிறா. அவவுடைய காது அனுமதியில்லாமல் பிரதி எடுத்துவிட்டது. புதுச் சட்டம் வந்து அம்மாவைப் பிடித்தால் எந்தக் கந்தோரில் போய் நிற்பேன்?

ஆகவே, பிரதி எடுக்கச் சம்மதம் என்று இரண்டு வரி எழுதிக் கையொப்பம் வைத்துக் கெதியாக அனுப்புங்கோ. உங்கள் குரல் இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பின்னேரமே இல்லை.

மாமிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

இப்படிக்கு,
டிலக்சனா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் அம்மாவுக்கு வாசித்தேன். "அவன்ர பாட்டு ஆருக்கு வேணும்? சுருதியே சேராது" என்று சிரித்தா. பாட்டு முடிய, கசெற்றின் கடைசியில் அப்பா இருமிவிட்டு, "காணும் மச்சான், மிச்சத்த நாளைக்குப் பாடலாம்" என்பாராம். வேகமாக ஓட்டினால் நாடா அறுந்துவிடும் என்ற பயத்தில், அதற்காகவே முழுப்பாட்டையும் பொறுத்திருந்தாவாம். அப்பாவின் படம்கூட எங்களிடம் இல்லை. நானாவிடம் சொன்னேன். அவர் கசெற்றை வாங்கிப் பார்த்தார். பிறகு, "அந்த இருமலுக்குச் சொந்தக்காரி நீதானே, புள்ள" என்று ஒரு தாளை நீட்டினார். கையொப்பம் வைத்தேன். கடைசி எட்டு செக்கனை மட்டும் ஏற்றிவிட்டோம். உங்கள் கையொப்பம் வேண்டாம், மாமா. பாட்டை விட்டுவிட்டோம்.